நெஞ்சுவலி மாத்திரைகள்: அம்மாவோட மருந்து டப்பாவுல இருக்குற ஒவ்வொண்ணுக்கும் என் மார்க்கு

நாக்குக்கு அடியில வெக்கிற சார்பிட்ரேட்டுக்கு 5க்கு 5. அதுல பேச்சே இல்ல. மத்ததுக்கெல்லாம் மார்க்கு கீழதான் வருது, ஒண்ணு ரெண்டுக்கு பாதி மார்க்கு குடுக்கக்கூட மனசு வரல. ஆனா டாக்டர் எழுதுற சீட்டுல எல்லாமே ஒரே வரிசையில ஒண்ணுக்கு கீழ ஒண்ணா இருக்குறதால எது எதுக்குன்னே வீட்ல யாருக்கும் தெரியறதில்ல, கேட்டா "அது ஹார்ட்டு மாத்திரைங்க" அவ்ளோதான். மிக்சி வாங்க பத்து வீடியோ பாக்குறோம், வாழ்நாள் பூரா முழுங்கப்போற மாத்திரைய பத்தி கடக்காரர் கவர் மேல பேனாவுல கிறுக்குறத தவிர ஒண்ணும் தெரிஞ்சிக்கிறதில்ல. அதான் எழுதறேன். நான் டாக்டர் கெடையாது, அம்மாவுக்கு மாத்திரை பிரிச்சு வெக்கிற ஆள், அந்த இடத்துல இருந்து பாத்து எழுதறது இது. யாரும் இத படிச்சுட்டு அவங்க டாக்டர கேக்காம மாத்திரைய மாத்தாதீங்க.

அம்மாவுக்கு 65 தாண்டியாச்சு, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு. நெஞ்சு வலிக்குதுன்னு அவங்க ஒரு நாளும் சொன்னதில்ல. "அடைக்குது கண்ணு, தாடை வரைக்கும் இழுக்குது" அப்டின்னுதான் சொல்லுவாங்க, அதுவும் சாப்ட்ட உடனே நடந்தா, இல்ல மாடிப்படி ஏறுனா, இல்ல மார்கழி மாசம் காலையில பச்சத்தண்ணிய மேல ஊத்துனா. நின்னுட்டா கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நம்ம ஊருல இதுக்கு ஒரே பேருதான், வாயு. ஓமத்தண்ணி, பெருங்காயம், ஜெலுசில்னு ஒரு ரவுண்டு போயிட்டு, அப்புறம்தான் ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோ எல்லாம் பண்ணி ஆஞ்சைனா, அதாவது ஹார்ட்டுக்கு ரத்தம் பத்தாம வர்ற வலின்னாங்க. சுகர் இருக்குறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் இப்டி தாடை, முதுகு, கை, மூச்சு வாங்குறது, அசதின்னு வேற வேற ரூபத்துல வர்றது சகஜமாம். நடந்தா வந்து நின்னா போற அடைப்ப வாயுன்னு விட்டுடாதீங்க. ஏப்பம் வந்ததும் லேசாச்சுன்னா அது வாயுதான்னும் அர்த்தம் இல்ல, நீங்க ஏப்பம் விட உக்காந்ததுலயே ஹார்ட்டுக்கு ரெஸ்ட் கெடச்சிருக்கும்.

மாத்திரைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ண புரிஞ்சிக்கிட்டா போதும், அந்த சீட்டு முழுக்க வெளங்கிடும். இதுல ரெண்டு ஜாதி. ஒண்ணு நெஞ்சு அடைப்பு வராம பாத்துக்குறதும் வந்தா நிறுத்துறதும், இது வேல செய்யுதா இல்லையான்னு நமக்கே தெரியும். இன்னொண்ணு ஹார்ட் அட்டாக் வராம தடுக்குறது, இது வேல செய்யுறது நமக்கு தெரியவே தெரியாது. நம்ம ஆளுங்க பண்றது என்னன்னா, ரெண்டாவது ஜாதிய "ஒண்ணும் தெரியலயே"ன்னு நிறுத்திடறது, முதல் ஜாதியில ரொம்ப முக்கியமானத "பயமா இருக்கு"ன்னு தொடாம வெச்சிருக்கறது. ரெண்டுமே தப்பு.

சரி, சார்பிட்ரேட். ஐசோசார்பைடு டைநைட்ரேட் 5 மில்லிகிராம், நாக்குக்கு அடியில வெக்கிற மாத்திரை. ஒரு மாத்திரை ரெண்டு ரூபாய்க்கு உள்ளதான். முழுங்குனா நேரா ஈரல் வழியா போயி பாதிக்கு மேல அங்கயே அழிஞ்சிடும், நாக்குக்கு அடியில வெச்சா நேரா ரத்தத்துல கலந்துடும், அதான் அங்க வெக்கச் சொல்றாங்க. அம்மாவுக்கு அதிகபட்சம் அஞ்சு நிமிஷத்துக்குள்ள அடைப்பு விடும். வெச்ச எடத்துல லேசா சுருக்குன்னு இருக்கும், அப்புறம் தல கனக்கும், மூஞ்சி சூடாகும். தலவலி வந்தா மாத்திரை ஒத்துக்கலன்னு நெனச்சுக்காதீங்க, ரத்தக்குழாய் விரிஞ்சதுக்கு அடையாளம் அது.

வெக்கிற முறைதான் முக்கியம், இத வீட்ல எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். உக்காந்துட்டு வெக்கணும். நின்னுட்டு வெச்சா பிரஷர் டக்குன்னு எறங்கி விழுந்துடுவாங்க, விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சா அது தனி கத. தண்ணி குடிக்கக்கூடாது, முழுங்கக்கூடாது, கரையுற வரைக்கும் பேசாம இருக்கணும், வாய் காஞ்சு போயிருந்தா முன்னாடியே ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வெச்சுக்கலாம். அஞ்சு நிமிஷம் ஆகியும் விடலன்னா, இல்ல கூடிட்டே போச்சுன்னா, 108க்கு அடிச்சிடணும். அம்மாவுக்கு டாக்டர் சொன்னது, 108 வர்ற நேரத்துல அஞ்சஞ்சு நிமிஷ கேப்புல இன்னும் ஒண்ணு ரெண்டு வெக்கலாம், மொத்தம் மூணு, அதுக்கு மேல கூடாது. முதல்ல மூணையும் வெச்சு பாத்துட்டு அப்புறம் போன் பண்ணலாம்னு ஒக்காந்திருக்க வேண்டாம்.

இந்த மாத்திரைக்கு நம்ம ஊர்ல கெட்ட பேரு. "எமன் வந்து நின்னாத்தான் இத வெக்கணும்" அப்டின்னு பக்கத்து வீட்டு பெரியம்மா சொன்னத கேட்டு அம்மாவும் பர்ஸுலயே பத்திரமா வெச்சிருந்தாங்க, அடச்சாலும் பல்ல கடிச்சிட்டு பொறுத்துக்குவாங்க, ஏன்னு கேட்டா "பழக்கம் ஆயிடும்ல கண்ணு"ன்னாங்க. இது போதை மருந்து மாதிரி பழகுற சமாச்சாரம் கெடையாது. அதோட யாருக்கும் தெரியாத பெரிய உபயோகம் ஒண்ணு இருக்கு, இந்த ரிவ்யூவ எழுத உக்காந்ததே அத சொல்லத்தான். அடைப்பு வந்த அப்புறம் மட்டும் இல்ல, வர்றதுக்கு முன்னாடியும் வெக்கலாம். இந்த வேல பண்ணுனா அடைக்கும்னு தெரிஞ்சா அதுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னாடி உக்காந்து ஒண்ணு வெச்சுட்டு, அப்புறம் மெதுவா எழுந்து அந்த வேலய பாக்கலாம், ஒரு மணி நேரம் தாங்கும். எங்க டாக்டர் இத சொன்னப்ப அம்மா நம்பவே இல்ல. இப்ப சென்னிமலைக்கு போறதுன்னா பஸ்லயே மேல போயி, எறங்குறதுக்கு முன்னாடி ஒண்ண வெச்சுட்டு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டு கோயிலுக்குள்ள நடக்குறாங்க. 1320 படியையும் ஏறுறேன்னு மட்டும் கெளம்பல, அதுக்கு நானும் விடமாட்டேன். நிறைய டாக்டருங்க அவசரத்துல இந்த விஷயத்த சொல்றதே இல்ல, நீங்களா கேளுங்க.

யாருக்கு கூடாதுங்கறதும் இருக்கு. பிரஷர் ஏற்கனவே ரொம்ப கம்மியா இருந்தா கூடாது. ஆம்பளைங்க யாராவது ஆண்மைக்குறைவுக்கு போடுற மாத்திரைங்கள்ல சில்டெனாஃபில் போட்டிருந்தா 24 மணி நேரத்துக்கும், டடலாஃபில் போட்டிருந்தா 48 மணி நேரத்துக்கும் இத தொடவே கூடாது, பிரஷர் பாதாளத்துக்கு போயிடும், உயிருக்கே ஆபத்து. வெக்கப்பட்டுட்டு சொல்லாம விடுற விஷயம் இது, ஆஸ்பத்திரியில கேட்டா ஒளிக்காம சொல்லிடணும். அப்புறம் கான்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில நெஞ்சு வலி வந்தா அவசரத்துக்கு போட ஏழு ரூபா கிட்டுன்னு குடுத்தாங்க, அத வாட்ஸாப்ல எல்லா குரூப்புலயும் சுத்த விட்டாங்க, அதுல இந்த மாத்திரையும் உண்டு. உங்களுக்கு டாக்டர் எழுதி குடுத்திருந்தா சரி, எழுதாத ஆளுக்கு பக்கத்து வீட்டுக்காரரு நெஞ்ச புடிச்சுட்டாருன்னு நாமளா எடுத்து வாயில வெக்கிறது வேற. ஹார்ட் அட்டாக்லயே சில வகையில பிரஷர் ஏற்கனவே எறங்கியிருக்கும், அங்க இது போயி இன்னும் எறக்கிடும்.

ஒரு கொற மட்டும் உண்டு, அது எல்லா சின்ன மாத்திரைக்கும் உள்ளதுதான். பதட்டத்துல, கை நடுங்குறப்ப, அந்த அட்டையில இருந்து பிச்சு எடுக்குறது கஷ்டம். அதனால கத்தரிக்கோல்ல ரெண்டு ரெண்டா வெட்டி பர்ஸுல ஒண்ணு, தலகாணிக்கு பக்கத்துல ஒண்ணு, சாமி ரூம்ல ஒண்ணுன்னு வெச்சிருக்கோம், எக்ஸ்பைரி தேதி இருக்குற துண்ட மட்டும் டப்பாவுலயே விட்டுட்டோம். கார் டேஷ்போர்டுல வெக்காதீங்க, வெயில்ல வீணாயிடும். இதே வேலைக்கு வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரங்க கொண்டு வர்ற நைட்ரோகிளிசரின் மாத்திரைன்னா அது இன்னும் ரோஷக்காரன், அது வந்த கண்ணாடி பாட்டில்லயே மூடி டைட்டா வெச்சாத்தான் தாங்கும், பிளாஸ்டிக் டப்பாவுல மாத்துனா சத்து போயிடும்.

நைட்ரோகிளிசரின்னா வெடிமருந்து ஆச்சேன்னு தோணும், அதேதான். 1847ல இத்தாலியில சோப்ரேரோங்கறவரு இத கண்டுபுடிச்சு, நாக்குல கொஞ்சம் வெச்சு பாத்து தலவலியில அவதிப்பட்டாராம். ஆல்ஃபிரட் நோபல் அத வெச்சு டைனமைட் பண்ணி கோடி கோடியா சம்பாதிச்சாரு. 1879ல லண்டன் டாக்டர் வில்லியம் முர்ரெல் நெஞ்சு வலிக்கு குடுக்கலாம்னு எழுதுனாரு. நோபலுக்கே கடைசி காலத்துல நெஞ்சு வலி வந்து டாக்டருங்க இதயே எழுதிக் குடுத்தப்ப, விதியோட விளையாட்ட பாருங்கன்னு நண்பருக்கு லெட்டர் போட்டிருக்காரு, 1896ல போயி சேந்துட்டாரு. அது எப்டி ரத்தக்குழாய விரிக்குதுன்னு கண்டுபுடிச்ச மூணு பேருக்கு, அதாவது அதுல இருந்து நைட்ரிக் ஆக்சைடுங்கற வாயு வர்றதாலதான்னு, 1998ல அவரு பேர்ல இருக்குற பரிசயே குடுத்தாங்க. அம்மாகிட்ட இந்த கதய சொன்னேன், "அப்ப வாயுன்னு நான் சொன்னது செரிதானே"ன்னாங்க. என்னத்த சொல்ல.

அடுத்தது ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், 20 மில்லிகிராம். பேரு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ஆனா இது முழுங்குற மாத்திரை, அடைப்பு வராம இருக்க தினமும் போடுறது. அடச்ச நேரத்துல இத நாக்குக்கு அடியில வெச்சு பிரயோஜனம் இல்ல. ரெண்டு அட்டையும் ஒரே டப்பாவுல கெடந்தா யாராச்சும் மாத்தி எடுத்துடுவாங்க, தனித்தனியா வெச்சிடுங்க. இதுல இன்னொரு பெரிய சூட்சுமம் நேரம். டாக்டர் காலையில 8 மணி, மதியானம் 3 மணின்னு எழுதியிருந்தாரு, நாங்க வாங்குன கடையில கவர் மேல காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு கிறுக்கி குடுத்துட்டாங்க, நல்ல வேளையா அம்மா சீட்ட எடுத்து வெச்சு பாத்தாங்க. ஏன் ராத்திரி கூடாதுன்னா, இருபத்திநாலு மணி நேரமும் இந்த மருந்து ஒடம்புல இருந்துட்டே இருந்தா குழாய்க்கு பழகிப்போயி மருந்து கேக்காது. தினமும் பத்து பன்னெண்டு மணி நேரமாவது மருந்து இல்லாம விடணும், அப்பத்தான் மறுநாள் திரும்ப வேல செய்யும். அந்த காலத்து டைனமைட் பேக்டரியில இது அப்டியே நடந்திருக்கு. திங்கக்கெழம வேலைக்கு வந்தா தொழிலாளிங்களுக்கு மண்ட பொளக்குமாம், ரெண்டு நாள்ல பழகி வலி நின்னுடுமாம், வாரக்கடைசி லீவுல மருந்து இறங்குனதும் சிலருக்கு நெஞ்சு வலி வருமாம். அதுக்கு பயந்து தொப்பிக்குள்ள கொஞ்சம் வெடிமருந்த சொருகிட்டு வீட்டுக்கு போனவங்களும் உண்டாம்.

மோனோநைட்ரேட்டுக்கு 5க்கு 3. முதல் வாரம் தலவலி கொன்னெடுத்துடும், டாக்டர் பாரசிட்டமால் போட்டுக்க சொன்னாரு, அப்புறம் கொறஞ்சுடுச்சு. ராத்திரி பாதுகாப்பு இல்லாம விடுதுங்கறது ஒரு மைனஸ், அந்த நேரத்துக்கு வேற மாத்திரை வேணும்.

அந்த வேற மாத்திரைதான் மெட்டோப்ரோலால். 5க்கு நாலரை. பீட்டா பிளாக்கர்னு சொல்லுவாங்க. ஹார்ட்டுக்கு ரத்தம் பத்தலன்னா ரத்தத்த கூட்டிக் குடுக்கணும்னுதான் எல்லாரும் யோசிச்சுட்டு இருந்தாங்க, ஸ்காட்லாந்துகாரரு ஜேம்ஸ் பிளாக் அத திருப்பிப் போட்டு, ஹார்ட்டோட தேவைய கொறச்சா என்னன்னு யோசிச்சாரு, 1964ல புரோப்ரனலால் வந்துச்சு, 1988ல அவருக்கும் நோபல். கெணத்துல தண்ணி கொறஞ்சா மோட்டர ஓட விட்டுட்டே இருக்காம விட்டு விட்டு ஓட்டுவோமே, அதே கணக்கு. துடிப்பு மெதுவாகுறதால ரெண்டு துடிப்புக்கு நடுவுல கெடைக்கிற நேரம் கூடுது, ஹார்ட்டுக்கு ரத்தம் பெரும்பாலும் போறது அந்த நேரத்துலதான். அம்மாவுக்கு முன்னாடி சும்மா உக்காந்திருந்தாலே நாடி 90க்கு பக்கத்துல இருக்கும், இப்ப 60க்கு ஒட்டி நிக்குது, டாக்டர் எதிர்பாத்ததும் 55ல இருந்து 60தான். தெரு முக்கு வரைக்கும் போக முடியாதவங்க இப்ப உழவர் சந்தைக்கு போயிட்டு பேரம் பேசிட்டு வர்றாங்க.

கொற இல்லாம இல்ல. முதல் ஒரு மாசம் ஒடம்பு அசதி, "கையில காலுல தெம்பே இல்ல"ன்னாங்க, கை கால் ஜில்லுன்னு இருக்கும், சிலருக்கு கனவு கன்னாபின்னான்னு வருமாம், ஆஸ்துமா இருக்குறவங்களுக்கு யோசிச்சுத்தான் எழுதுவாங்க. சுகர் இருக்குறவங்க கவனிக்க வேண்டியது, சுகர் எறங்குனா வழக்கமா படபடன்னு வரும்ல, கை நடுங்கும்ல, அத இந்த மாத்திரை மறச்சிடும். வேர்த்து கொட்டுறது மட்டும் அப்டியே இருக்கும், அதனால காரணமில்லாம வேர்த்தா உடனே சுகர் பாக்கணும். எல்லாத்துக்கும் மேல, இத திடீர்னு நிறுத்தவே கூடாது. ஊருக்கு போன எடத்துல தீந்து போச்சு, வந்து வாங்கிக்கலாம்னு விடுற மாத்திரை இது இல்ல, அடக்கி வெச்ச துடிப்பு எகிறி ஹார்ட் அட்டாக்லயே கொண்டு போயி விடலாம். நிறுத்தணும்னாலும் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைப்பாரு.

வாங்கும்போது இன்னொண்ணு பாருங்க. மெட்டோப்ரோலால்லயே ரெண்டு உப்பு, சக்சினேட்டு, டார்ட்ரேட்டுன்னு. சக்சினேட் மெதுவா கரையுறது, ஒரு நாளைக்கு ஒரு தடவ போதும், பேருக்கு பின்னாடி எக்ஸ்எல், இஆர்னு ஏதாவது இருக்கும். டார்ட்ரேட் சீக்கிரம் எறங்கிடும், ரெண்டு தடவ போடணும். "ரெண்டும் மெட்டோப்ரோலால்தாங்க"ன்னு கடையில மாத்தி குடுத்தா வாங்காதீங்க. மெதுவா கரையுற மாத்திரைய கோடு இருந்தா பாதியா ஒடைக்கலாம், பொடி பண்ணக்கூடாது, மெல்லக்கூடாது.

அம்லோடிபின், 5க்கு மூணரை. பிரஷர் மாத்திரைன்னு எல்லாருக்கும் தெரியும், ஆஞ்சைனாவுக்கும் குடுப்பாங்க, மெட்டோப்ரோலால் கூட நல்லா சேரும். கணுக்கால் வீங்குறதுதான் இதோட முக்கியமான தொல்ல. அம்மாவுக்கு சாயங்காலம் ஆச்சுன்னா செருப்பு வார் பதிஞ்ச தடம் அப்டியே நிக்கும், சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம "கிட்னி போயிருச்சு"ன்னு கெளப்பி விட்டாங்க. டெஸ்ட்டுல கிட்னி நல்லாத்தான் இருந்துச்சு, 5 மில்லிகிராம 2.5 ஆக்குனதும் வீக்கம் வத்திடுச்சு. இதே குடும்பத்துல டில்டியாசெம்னு ஒண்ணு இருக்கு, அதுவும் ஹார்ட்ட மெதுவாக்குற ஜாதி, மெட்டோப்ரோலால் கூட சேத்தா துடிப்பு ரொம்ப எறங்கிடலாம், ரெண்டு டாக்டர்கிட்ட பாக்குறவங்க ரெண்டு சீட்டையும் ரெண்டு பேர்கிட்டயும் காட்டுங்க.

நிக்கோரண்டில். 5க்கு 2, அதுவும் பாவம் பாத்து. வேல செய்யலன்னு சொல்லமாட்டேன், குழாய விரிக்கிறதுல கெட்டிக்காரன். ஆனா அம்மாவுக்கு வாயெல்லாம் புண்ணு, நாக்கோரத்துல காசு அகலத்துக்கு. விட்டமின் மாத்திரை, மணத்தக்காளி கீரை, தேங்காப்பால்னு என்னென்னமோ பண்ணியாச்சு, ஒரு ரசஞ்சோறு சாப்பிட முடியல. பல் டாக்டர்கிட்ட போன எடத்துல அவருதான் மாத்திரை லிஸ்ட்ட பாத்துட்டு இதுவா இருக்கும்னாரு. ஹார்ட் டாக்டர் அத எடுத்துட்டு வேற எழுதுனாரு, கொஞ்ச நாள்ல புண்ணு தானா ஆறுச்சு. எல்லாருக்கும் வரும்னு இல்ல, ஆனா இந்த மாத்திரை போடுறவங்களுக்கு வாய்ப்புண் ஆறாம இருந்தா முதல் சந்தேகம் இது மேல வரட்டும்.

அதுக்கு பதிலா வந்தது ரனோலசைன் 500, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு. 5க்கு 3. நல்லது என்னன்னா பிரஷரையும் எறக்காது, துடிப்பையும் கொறைக்காது, அதனால பிரஷர் ஏற்கனவே கீழ இருக்குறவங்களுக்கு வசதி. 2006ல அமெரிக்காவுல அனுமதி கெடச்ச மருந்து, இந்த கூட்டத்துல கொஞ்சம் புதுசு, விலையும் மத்தத விட ஜாஸ்தி. மாத்திரை பெருசு, அம்மா தொண்டையில நிக்குதுன்னு ஒடச்சு போடட்டுமான்னாங்க, கூடவே கூடாது, முழுசாத்தான் போடணும். மலச்சிக்கல் வரலாம், கொய்யாப்பழம், பப்பாளி ஸ்டாக்கு வெச்சுக்கங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் போடுறவங்களுக்கு ஒரு விஷயம், ரனோலசைன் 1000 ரெண்டு வேளைக்கு போச்சுன்னா மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1700 மில்லிகிராம் தாண்டக்கூடாது, சுகர் டாக்டருக்கும் ஹார்ட் டாக்டருக்கும் நடுவுல நாமதான் தபால்காரரு வேல பாக்கணும். கிரேப்ஃப்ரூட் சாப்பிடக்கூடாதுன்னு போட்டிருக்கு, நம்ம ஊரு பம்பளிமாஸ் அதுக்கு நெருங்குன சொந்தம், அதனால அதையும் நிறுத்தியாச்சு.

இவாப்ரடின், டிரைமெட்டாசிடின் ரெண்டும் அம்மாவுக்கு எழுதல, மாமா போடுறாரு, அதனால மார்க்கு போடமாட்டேன். இவாப்ரடின் துடிப்ப மட்டும் கொறைக்கும், மாமாவுக்கு ஆரம்பத்துல இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு வந்தா கண்ணுல மின்னல் அடிச்ச மாதிரி இருந்துச்சாம், அது இந்த மருந்துக்கே உள்ள குணம். டிரைமெட்டாசிடின் போடுற வயசானவங்களுக்கு புதுசா கை நடுக்கம், நடையில தடுமாட்டம் வந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்த காரணத்துக்காகவே 2012ல ஐரோப்பாவுல அதோட உபயோகத்த சுருக்குனாங்க.

இப்ப அந்த ரெண்டாவது ஜாதி. ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாட்டின் 40. அடைப்புக்கு 5க்கு 0, உயிருக்கு 5க்கு 5, எப்டி மார்க்கு போடறதுன்னே தெரியல. இத போட்டா நெஞ்சு லேசாகாது, நிறுத்துனா கனக்காது. ஆஸ்பிரின் ரத்தத்துல கட்டி சேராம பாத்துக்குது, ஸ்டாட்டின் குழாய்க்குள்ள இருக்குற கொழுப்புத் திட்டு வெடிக்காம கெட்டிப்படுத்துது. ஒருத்தர் "கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிடுச்சு, இனி எதுக்கு"ன்னு ஸ்டாட்டின நிறுத்துவாரு. அட, நார்மல் ஆனதே அத போட்டதாலதான. இன்னொருத்தர் ஈரல் கெட்டுப்போயிடும்னு வீடியோ பாத்துட்டு நிறுத்துவாரு. சதை வலி வந்தா சொல்லுங்க, டோஸ் மாத்துவாங்க, இல்ல வேற ஸ்டாட்டின் தருவாங்க, நீங்களா நிறுத்தாதீங்க. ஆஸ்பிரின்ல வயிறு எரியும், மலம் தார் மாதிரி கறுப்பா போனா உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம், அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும்.

ஹார்ட் அட்டாக்குன்னு சந்தேகம் வந்தா முதல் டோஸ பெருசா ஒரே நேரத்துல குடுக்குறதும் இந்த ஜாதியத்தான். தமிழ்நாட்டுல 2023ல இதயம் காப்போம் திட்டம்னு கொண்டு வந்தாங்க, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே 14 மாத்திரை குடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க, ஆஸ்பிரின் 150 ரெண்டு, குளோபிடோக்ரெல் 75 நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 எட்டு. அதுல நாக்குக்கு அடியில வெக்கிறது இல்லங்கறத கவனிச்சீங்களா.

எல்லாரும் எங்கள கேட்ட கேள்வி, "ஏன் ஸ்டென்ட் வெக்கல, காசுக்கு பாத்தீங்களா?" மாமா பையன் நேருக்கு நேராவே கேட்டான். ஸ்டென்ட்டுங்கறது அடச்ச ரத்தக்குழாய விரிச்சு உள்ள வெக்கிற சின்ன கம்பி வலை. அம்மாவுக்கு இருந்தது நடந்தா வந்து நின்னா போற வகை, எடது பக்க மெயின் குழாய்ல அடைப்பு இல்ல, ஹார்ட் அட்டாக்கும் வரல. இந்த மாதிரி ஆளுங்கள வெச்சு 2007ல கரேஜ்னு 2287 பேருகிட்ட ஒரு ஆராய்ச்சி, 2020ல இஸ்கீமியான்னு 5179 பேருகிட்ட இன்னொண்ணு வெளியாச்சு. மாத்திரைய ஒழுங்கா போட்டவங்களுக்கும், மாத்திரையோட ஸ்டென்ட்டோ பைபாஸோ சேத்து பண்ணுனவங்களுக்கும் சாவுல பெருசா வித்தியாசம் இல்ல. நெஞ்சு அடைப்பு கொறையறதுல ஸ்டென்ட் பக்கம் கொஞ்சம் கைய ஓங்குச்சு, அதையும் சொல்லிடணும். அதனால டாக்டர் மாத்திரைய முதல்ல பாப்போம், அப்பவும் அடைப்பு தொந்தரவு குடுத்தா ஸ்டென்ட்டுக்கு போவோம்னாரு, எங்களுக்கு நியாயமா பட்டுச்சு. சும்மா உக்காந்திருக்கும்போதே வருது, தூக்கத்துல எழுப்புது, முன்ன விட அடிக்கடி வருதுன்னா இந்த கணக்கெல்லாம் செல்லாது, அது அவசர கேஸு, அன்னிக்கு ஆராய்ச்சி பேசிட்டு இருக்கக்கூடாது.

கடைகள பத்தியும் ரெண்டு வார்த்த. மெட்டோப்ரோலால், அம்லோடிபின், ஆஸ்பிரின், ஸ்டாட்டின் இதெல்லாம் ஜெனரிக்ல தாராளமா கெடைக்குது. பிரதமரோட மக்கள் மருந்தகம் இருக்கு, 2025 பிப்ரவரில இருந்து தமிழ்நாடு அரசோட முதல்வர் மருந்தகம் ஆயிரம் எடத்துல தொறந்திருக்காங்க, பெரிய பிராண்டுக்கு குடுத்த காசுல பாதி கூட ஆகல எங்களுக்கு, நாடியும் பிரஷரும் அதே நெலமையிலதான் இருக்கு. சுகர், பிரஷர் மாத்திரைய மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க, 2021ல இருந்து, எங்க தெருவுல வர்ற அக்கா பிரஷரும் பாத்துட்டு போறாங்க, அவங்களுக்கு தனியா 5க்கு 5. ரனோலசைன் மாதிரி ஐட்டம் எல்லா எடத்துலயும் இருக்காது, அதுக்கு வெளி மெடிக்கல்தான், ஆன்லைன்ல கொஞ்சம் தள்ளுபடி வருது ஆனா சொன்ன தேதிக்கு வரும்னு நம்பி கடைசி அட்டை வரைக்கும் காத்திருக்காதீங்க. ஒரு மாசம் ஒரு கம்பெனி, அடுத்த மாசம் இன்னொரு கம்பெனின்னு வந்தா மாத்திரை கலரும் சைஸும் மாறும், வயசானவங்க அத பாத்து வேற மாத்திரைன்னு ரெண்டு தடவ போட்டுடுவாங்க, அதனால அட்டைய பிரிக்காம பேர பெருசா மார்க்கர்ல எழுதி வெச்சுடறோம்.

நாக்குக்கு அடியில அடிக்கிற நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே மட்டும் இன்னும் பாக்கல. கை நடுங்குறவங்களுக்கு, வாய் காஞ்சவங்களுக்கு அது வசதின்னு டாக்டர் சொல்றாரு, எங்க ஊர் கடைகள்ல கேட்டா ஆர்டர் போட்டு வரவழைக்கணுங்கறாங்க. யார் வீட்லயாச்சும் யூஸ் பண்றீங்கன்னா என்ன விலை, ஒரு பாட்டில் எத்தன மாசம் வருது, வெயில் காலத்துல எப்டி வெச்சுக்கறீங்கன்னு சொல்லுங்க, அம்மாவுக்கு தீபாவளிக்குள்ள ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்.